பட்டறைப் பக்கம்: நிலக்கரிக்கு அலையாதேங்கோ, சிரட்டைக்கரி காணும்

கேள்வி: ஐயா, நான் சாவகச்சேரி. வேலை முடிஞ்சு வந்து பின்னேரத்தில இரும்படிச்சுப் பழகுவம் எண்டு வளவுக்குள்ள சின்னனா ஒரு உலை கட்டியிருக்கிறன். லொறி வில்லுத்தகட்டில ஒரு கத்தி செய்யோணும், அதுதான் ஆசை. யூடியூப்பில பாத்தா வெளிநாட்டுக்காரர் எல்லாரும் நிலக்கரிதான் போடினம். யாழ்ப்பாணத்தில நல்ல நிலக்கரி எங்க எடுக்கலாம்? நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்கு கப்பல் கப்பலா வருதாம், அதில ஒரு மூட்டை எடுக்கேலாதோ?

பதில்: தம்பி, அந்த நினைப்பை முதல் விடுங்கோ. இலங்கையில நிலக்கரிச் சுரங்கம் எண்டு ஒண்டும் இல்லை, வாறது எல்லாம் இறக்குமதி, அதுவும் பெரும்பாலும் நுரைச்சோலையில இருக்கிற 300 மெகாவாட் மெசின் மூண்டுக்கும்தான் போகுது. உங்களுக்கு ஆரும் ஒரு மூட்டை கொண்டுவந்து தந்தாலும் அது உலைக்கெண்டு தெரிஞ்செடுத்த கரி இல்லை, ஏன் எண்டா அங்க அதை மாவா அரைச்சு கொதிகலனுக்குள்ள ஊதி எரிக்கிறவை, தண்ணி கொதிச்சு ஆவி வந்தா அவைக்குக் காணும். இரும்படிக்கிறவனுக்கு வேண்டியது வேற சாமான். சாம்பல் குறைவா இருக்கோணும், கந்தகம் குறைவா இருக்கோணும், அதோட சூடேற இளகி ஒண்டோடொண்டு ஒட்டி கோக்கா (புகையெல்லாம் போய் மிஞ்சிற கெட்டிக் கரி) மாறோணும். அப்பிடி ஒட்டினாத்தான் நெருப்புக்கு மேல ஒரு கூடு மாதிரி நிண்டு சூட்டை உள்ளுக்க அடைச்சு வைக்கும். கந்தகம் கூடின கரியெண்டா சிவக்கக் காய்ஞ்ச இரும்பு அடிக்க அடிக்க வெடிச்சு உதிரும், நீங்கள் உங்கட அடிதான் பிழையெண்டு நினைச்சுக்கொண்டு இருப்பியள்.

மரக்கரியில அந்தக் கந்தகத் தொல்லை இல்லை. பலாங்கொடைப் பக்கம் சமனலவெவவில ஆயிரம் வருசத்துக்கு மேல பழைய உலையள் கண்டுபிடிச்சவை, 1996இல நேச்சர் சஞ்சிகையில அந்த ஆய்வு வந்தது, மலைச்சரிவில அடிக்கிற பருவக்காத்திலயே மரக்கரியை எரிச்சு உருக்கு எடுத்திருக்கினம், துருத்தி கூட இல்லை. அவை உருக்கே எடுத்த கரியில நீங்கள் ஒரு கத்தி அடிக்கேலாதோ?

இஞ்ச லேசா எடுக்கக்கூடியது சிரட்டைக்கரி. சூடு நல்லா வரும், சாம்பல் குறைவு. பளைப் பக்கம் தென்னை நிக்கிற இடத்தில சொல்லி வைச்சா சிரட்டையாவே மூட்டைக்கணக்கில வாங்கலாம், அடியில ஓட்டை போட்ட ஒரு பழைய பீப்பாயில நீங்களே சுட்டு எடுக்கலாம். மூண்டு கிலோ சிரட்டைக்கு ஒரு கிலோவுக்குக் கிட்டக் கரி வரும். முதல் வெள்ளைப்புகை கனக்க வரும், அது மெலிஞ்சு நீலமா வரேக்க மூடியைப் போட்டு கீழ் ஓட்டையளையும் மண் வைச்சு அடையுங்கோ. அடுத்த நாள் வரைக்கும் திறக்க வேண்டாம், அவசரப்பட்டுத் திறந்தா காத்துப் பட்டு திரும்பப் பத்தி எல்லாம் சாம்பலாப் போடும்.

புளியங்கட்டைக் கரியும் சரியான நல்லது, சவுக்கும் அப்பிடித்தான் (அதுக்காக காரைநகர்க் கடற்கரைக்கு கோடாலியோட போய் நிக்காதேங்கோ). ஊமல் (பனங்கொட்டைக் கோது) கிடைச்சா அதையும் சுட்டுப் பாருங்கோ, கிழங்கு கிண்டி முடிய உள்ளுக்க இருக்கிற பூரானையும் தின்னுபோட்டு எறியிற சாமான்தானே, காசில்லாமலே வரும்.

கடையில கரி வாங்கிறதெண்டா சாக்கை அவிட்டுப் பாத்து வாங்குங்கோ. ரெண்டு துண்டைத் தட்டினா கண்ணாடிச் சத்தம் வரோணும், முறிச்சா முறிஞ்ச இடம் கறுப்பா மினுங்கோணும். உள்ளுக்க மண்ணிறமா இருந்தா அரைவேக்காடு, அது உலையில புகைஞ்சுகொண்டே இருக்கும். கையில பாரமா இருந்தா தண்ணி பட்டிருக்கு, நிறைக்கு விக்கிறவையில சிலபேர் அதை வேணுமெண்டே செய்யிறவை. சாக்கின்ர அடியையும் கொட்டிப் பாருங்கோ, பாதி தூளா இருந்தா நீங்கள் காசு குடுக்கிறது தூளுக்கு. சுப்பர் மார்க்கெட்டில பார்பிகியூவுக்கெண்டு வடிவா அச்சுப் போட்டு விக்கிற கட்டிக்கரி வேண்டவே வேண்டாம், தூளை மாப்பசை போட்டு ஒட்டினது, சாம்பல்தான் மிஞ்சும். காட்டுமரக்கரி எண்டு ஆரும் மலிவாத் தந்தா பெர்மிட் இருக்கோ எண்டு கேளுங்கோ, பிறகு பொலிசுக்கு நீங்கள்தான் பதில் சொல்லோணும்.

இன்னொண்டு, ஊருக்குள்ள இப்பவும் மண்வெட்டி, பாளைக்கத்தி அடிச்சுத் தோய்ச்சுக் குடுக்கிற பட்டறை ஏதும் இருந்தா அங்க போய் அவை கரி எங்க எடுக்கினம் எண்டு மரியாதையாக் கேளுங்கோ. யூடியூப்பில ஒரு கிழமை இருந்து பாக்கிறதை விட அது பிரயோசனம்.

கேள்வி: சிரட்டைக்கரிதான் போடுறன் அண்ணை, ஆனா ஒரு சாக்கு கண் மூடித் திறக்க முடிஞ்சு போகுது, இரும்பு சிவப்பைத் தாண்டி வருகுதில்லை. ஹெயர் ட்ரையர்தான் பூட்டியிருக்கிறன். (கோப்பாய்)

பதில்: ரெண்டு இடத்தில பிழை இருக்கும். ஒண்டு காத்து. மரக்கரிக்கு மெல்லிய காத்துக் காணும், ஹெயர் ட்ரையரை முழுசா விட்டா கரி சும்மா எரிஞ்சு பொறி பறக்கும். ட்ரையரைக் குழாய் வாயில இருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கோ, பாதிக் காத்து வெளியால போகட்டும். மற்றது இரும்பை எங்க வைக்கிறியள் எண்டது. கன பேர் காத்து வாற ஓட்டைக்கு நேர முன்னால கொண்டுபோய் வைக்கிறவை, அங்க எரியாத காத்துத்தான் கூட, இரும்பு செதில் செதிலா உரியும், சூடும் ஏறாது. ஓட்டைக்கு மேல ஒரு சாண் உயரத்துக்காவது கரி நிக்கோணும், இரும்பு அந்தக் குவியலுக்கு நடுவில படுக்கையாக் கிடக்கோணும், மேலாலயும் கரி மூடி இருக்கோணும். பெரிய துண்டுகளை தேசிக்காய் அளவுக்கு, சின்ன உலையெண்டா பாக்களவுக்கு உடைச்சு, தூளை அரிச்சுப்போட்டுப் போடுங்கோ. சிரட்டை வளைஞ்சு இருக்கிறதால உடைக்காமப் போட்டா இடைக்க இடைவெளி விழும்.

நிறத்தை வெய்யிலுக்க நிண்டு பாக்காதேங்கோ, பொழுதுபட்டாப்பிறகு அல்லது நிழலுக்க பாருங்கோ, மம்மலுக்க மங்கின சிவப்பாத் தெரியிற இரும்பு மத்தியான வெய்யிலுக்க கறுப்பாத்தான் தெரியும். தோடம்பழ நிறத்தில இருந்து மஞ்சள் வரைக்கும் அடியுங்கோ, சிவப்பு மங்கினா நிப்பாட்டி திரும்ப உலைக்க வையுங்கோ. வெள்ளையாகி மத்தாப்பு மாதிரிப் பொறி வந்தா அது எரியத் தொடங்கீட்டுது, அந்தத் துண்டை வெட்டி எறியிறதுதான்.

கேள்வி: கிணறு வெட்டேக்க எடுத்த கல்லு வளவு நிறையக் கிடக்கு. அதை அடுக்கி உலை கட்டலாமோ? (சுன்னாகம்)

பதில்: வேண்டாம். எங்கட மண்ணுக்குக் கீழ கிடக்கிறது சுண்ணாம்புக்கல்லு, உதைச் சூளையில போட்டுத்தான் அந்தக் காலத்தில சுண்ணாம்பே சுட்டவை. 900 பாகைக்குக் கிட்டப் போக கல்லு நீறிப் போகும், உள்ளுக்க ஈரம் இருந்தா அதுக்கு முன்னமே வெடிச்சு முகத்துக்கு வரும். பிறகு மழைத்தண்ணி பட்டா பொங்கிச் சுடும். புத்துமண் எடுத்து கொஞ்சம் மணலும் உமியும் போட்டுக் குழைச்சு உலைக்கு உள்பக்கம் பூசுங்கோ. ஒரு கிழமை நிழல்ல காயவிட்டு பேந்து சின்ன நெருப்புப் போட்டுப் பழக்குங்கோ, வெடிப்பு விழுந்தா திரும்பப் பூசலாம்.

கேள்வி: மகன் மழைக்கு எண்டு உலையைக் கராச்சுக்குள்ள கொண்டுபோய் வைச்சிட்டான். புகை இல்லைத்தானே அம்மா எண்டுறான். பயமா இருக்கு. (நெல்லியடி)

பதில்: நீங்கள் பயப்பிடுறது சரி அம்மா. மரக்கரியில புகை தெரியாததுதான் ஆபத்து, காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, தலையிடி, சத்தி எண்டு தொடங்கி ஆள் விழுந்திடும். ரெண்டு பக்கமும் திறந்த கொட்டில் எண்டாப் பறவாயில்லை, கதவு பூட்டிற அறை கூடவே கூடாது. அந்தக் கொட்டிலுக்கும் மேல தகரம் போடுங்கோ, கிடுகு வேண்டாம், சோளகக் காத்து அடிக்கிற மாதங்களில வேலிப் பக்கமா உலையை வைக்கவும் விடாதேங்கோ, சிரட்டைக்கரி படபடெண்டு வெடிச்சுப் பொறி தெறிக்கிற சாமான். ஒரு வாளி தண்ணியும் ஒரு வாளி மணலும் பக்கத்தில இருக்கட்டும். மற்றது, காத்துக் குழாய்க்கு அவன் ஜி.ஐ. பைப் (நாகம் பூசின இரும்புக் குழாய்) வைச்சிருக்கிறானோ எண்டு பாருங்கோ. வைச்சிருந்தாக் கழட்டச் சொல்லுங்கோ, அந்த நாகப்பூச்சு எரிஞ்சு வாற வெள்ளைப்புகையைக் குடிச்சா காய்ச்சல் நடுக்கம் வரும், கறுப்பு இரும்புக் குழாய் பழைய இரும்புக் கடையிலயே எடுக்கலாம்.