மறு: தங்கக் கூழ்மம் ஊதாவாகி அடியில் கறுப்பாகப் படிகிறது

வணக்கம். தங்கக் கூழ்மம், அதாவது நுண்ணிய தங்கத் துகள்கள் மிதக்கும் சிவப்பு நீர் செய்ய, 22 காரட் தங்கக் கம்பிகளைக் கேன் தண்ணீருக்குள் வைத்து மின்வில் (முனைகளுக்கிடையே தாவும் மின்பொறி) எழுப்பினீர்கள். முதலில் ஊதா நிறம், ஒரு மணி நேரத்தில் கறுப்பு வண்டல் என்கிறீர்கள். எனக்குத் தண்ணீர் மேல்தான் முதல் சந்தேகம். தங்கத் துகள்கள் எல்லாவற்றிலும் ஒரே வகை (நெகட்டிவ்) மின்சுமை இருப்பதால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன. கேன் தண்ணீரில் மிச்சமிருக்கும் கால்சியம், குளோரைடு உப்புகள் அந்தச் சுமையை மறைத்துவிடும். துகள்கள் திரண்டு, சிவப்பு ஊதாவாகி, நீலமாகி, படிந்துவிடும்.

காய்ச்சி வடித்த நீரில், லிட்டருக்கு 40 மில்லிகிராம் சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் போதும். 1898இல் ஜெர்மன் வேதியியலாளர் பிரெடிக் கண்ட இதே மின்வில் முறையிலும் இதுபோல் துளி காரம் உண்டு. பாத்திரத்தைப் பனிக்கட்டியில் வையுங்கள். கம்பி 24 காரட்டாக இருக்கட்டும். 22 காரட்டில் உள்ள செம்பு ஆக்சைடாகிக் கறுப்பைக் கூட்டும். அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை முன்பே காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலசுங்கள், விரல் படாமல். கம்பி முனைகளைத் தொடவைத்து மயிரிழை விலக்கினால் வில் எழும். முனையிலிருந்து சிவந்த புகைபோல் நிறம் இறங்கும். கொஞ்சம் சாம்பல் நிற வண்டல் எப்படியும் வரும், வடிதாளில் வடிகட்டுங்கள்.

நீங்கள் 230 வோல்ட்டை டயோடு வழியாக நேரே கொடுப்பதாக எழுதியதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. தயவுசெய்து உடனே நிறுத்துங்கள். உயிர் போய்விடும். வீட்டு மின்இணைப்பிலிருந்து தனிமைப்படுத்தும் மின்மாற்றி உள்ள, 30–40 வோல்ட் நேர்மின்னோட்ட (DC) மூலம், மின்தடுப்புக் கைப்பிடி, வெல்டிங் கண்ணாடி இல்லாமல் தொடவே வேண்டாம். கிடைக்கும் நீரைக் குடிக்கவும் கூடாது.