பெரிய 'ஜி' யாருக்கு?

கேள்வி: எங்கள் ஊர் அம்மன் கோயில் தல வரலாற்றை வெளியூர்க்காரர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதி வருகிறேன். சில இடங்களில் 'காட்', 'காடஸ்' என்பதைச் சின்ன 'ஜி' போட்டு எழுதியிருந்தேன். "சாமிக்கு மரியாதை வேண்டாமா மாமா? எல்லாத்தையும் கேப்பிடல் ஆக்குங்க" என்கிறாள் மருமகள். எது சரி?
– ஒரு வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: உங்கள் மருமகளின் பதற்றம் நியாயமானது. ஆனால் ஆங்கிலத்தில் பெரிய எழுத்து மரியாதைக்காகப் போடுவதல்ல, பெயருக்காகப் போடுவது. 'மதர்' என்று பெற்றவளைக் கூப்பிட்டால் பெரிய 'எம்'. 'மை மதர்' என்று உறவைச் சொன்னால் சின்ன 'எம்'. அதனால் அம்மாவின் மதிப்பு குறைந்துவிடுவதில்லை.

சாமிக்கும் இதே கணக்குதான். கடவுள் ஒருவரே என்று நம்பி, அந்த ஒருவரைக் 'காட்' என்று சொன்னால் அது பெயர், பெரிய 'ஜி'. ஊர் எல்லையில் இருக்கும் தெய்வங்கள், மழைக்குரிய தெய்வம் என்று இனத்தைச் சொன்னால் சின்ன 'ஜி'. 'லார்ட் முருகா', 'காடஸ் மீனாட்சி' என்று பட்டமாகப் பெயரோடு ஒட்டி வந்தால் பெரிய எழுத்து. முன்னால் ஒரு 'தி' வந்து 'தி காடஸ் மீனாட்சி' என்றானால் 'ஜி' சின்னதாகிவிடும். போப்பாண்டவருக்கும் பல பத்திரிகைகள் வைத்திருக்கும் விதி இதுதான்: 'போப் பிரான்சிஸ்' பெரிய 'பி', வெறும் 'தி போப்' சின்ன 'பி'.

நான் அச்சகத்தில் மெய்ப்பு (அச்சுப் பிழை) பார்க்கப் போன காலத்தில் ஈய எழுத்துகளைக் கோத்துத்தான் அச்சடிப்பார்கள். ஆங்கிலத்துக்கு இரண்டு தட்டுகள். மேல் தட்டில் பெரிய எழுத்து, கீழ்த் தட்டில் சின்ன எழுத்து. அப்பர் கேஸ், லோயர் கேஸ் என்ற பெயர்களே அந்தத் தட்டுகளிலிருந்து வந்தவைதான். ஒருநாள் ஊர்த் திருவிழாக்களைப் பற்றிய ஒரு புத்தகத்தின் 'காலி புரூஃப்', அதாவது பிழை பார்ப்பதற்கான முதல் அச்சுப் பிரதி, என் மேஜைக்கு வந்தது. மாதா கோயிலில் ஜனங்கள் கும்பிட்டது பெரிய 'ஜி'. அடுத்த பத்தியில் சிவன் கோயிலில் கும்பிட்டது 'தெயர் காட்', சின்ன 'ஜி'. இலக்கணத்தில் பிழை சொல்ல முடியாது. ஆனாலும் பக்கத்து ஓரத்தில் சிவப்பு மையால் ஒரு கேள்விக்குறி போட்டேன். "கையெழுத்துப் பிரதியில் இருக்கிறபடி விடுங்கள்" என்று திரும்பி வந்தது. அப்படியே அச்சாயிற்று. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பக்கம் எனக்கு உறுத்துகிறது. ஆகவே உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: எந்த அளவுகோலை எடுத்தாலும் அம்மனுக்கும் அல்லாவுக்கும் ஏசுவுக்கும் அதையே வையுங்கள்.

இன்னொன்று. கடவுளைக் குறிக்கும் 'ஹி', 'ஹிம்' பெரிய எழுத்தில் வேண்டுமா என்றும் மருமகள் கேட்கக்கூடும். 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளிலேயே அவை சின்ன எழுத்துதான். அதே பைபிள், எபிரேயத்தில் கடவுளுக்குரிய நான்கெழுத்துத் திருப்பெயர் ('யாவே') வரும் இடங்களில் 'லார்ட்' என்பதன் நான்கு எழுத்துகளையும் பெரிதாகப் போட்டது. அங்கே அது பெயர். எபிரேயத்துக்கும் அரபிக்கும் நம் தமிழைப் போலவே பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதமே கிடையாது. அந்த வேதங்களை அந்த மொழிகளில் ஓதுகிறவர்களுக்கு பக்தியில் என்ன குறை?

மற்றவை எளிது. கோயிலின் பெயரோடு வரும் 'டெம்பிள்' பெரிய 'டி', தனியே வந்தால் சின்னது. பூஜை, பிரசாதம், கோபுரம் எல்லாம் சின்ன எழுத்து. பொங்கல், நவராத்திரி பெரிய எழுத்து.

கேள்வி: 'பைபிள்' பெரிய 'பி', 'பிப்ளிக்கல்' மட்டும் ஏன் சின்ன 'பி'?
– ஒரு கல்லூரி மாணவி, நாகர்கோவில்

பதில்: பழக்கம்தான், தங்கச்சி. 'குர்ஆனிக்' என்ற சொல்லுக்குப் பெரிய எழுத்தே நிலைத்துவிட்டது. இரண்டையும் அப்படியே மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். அதைவிட 'கத்தோலிக்' என்ற சொல்லில் கவனம் வையுங்கள். பெரிய 'சி' என்றால் திருச்சபை. சின்ன 'சி' என்றால் பரந்த ரசனை கொண்டவர் என்று பொருள். ஒரு நீத்தார் அறிவிப்பில், ஜெபமாலையைக் கையை விட்டு இறக்காத ஒரு பாட்டிக்குச் சின்ன 'சி' போட்டு வந்திருந்தது. நான் பிடித்துத் திருத்துவதற்குள் பாதிப் பிரதிகள் மடித்தாகிவிட்டன. மீதிப் பாதியையாவது சரியான எழுத்தோடு அந்த வீட்டுக்கு அனுப்பி வைத்தோம்.