‘சொர்க்கமே என்றாலும்’ பாட்டு கேட்டால் மும்பைத் தமிழர்கள் ஏன் உருகுகிறார்கள்?

‘சிங்கப்பூர் போனவர் பாடுகிற பாட்டுக்குத் தாராவியில் ஏன் கண் கலங்குகிறது?’ என்று கேட்டிருக்கிறீர்கள். 1990-இல் வந்த ‘ஊரு விட்டு ஊரு வந்து’ படப் பாட்டு அது. எழுதியவர் கங்கை அமரன். இசை இளையராஜா, எஸ். ஜானகியோடு சேர்ந்து பாடியதும் அவரே.

அந்தக் குரல்தான் முதல் காரணம் என்பேன். மெருகேற்றிய பாட்டுக்காரர் குரல் இல்லை, நம் சித்தப்பா வரப்பில் நடந்துகொண்டே பாடுவது மாதிரி இருக்கும். அப்புறம், அது சோகப் பாட்டே இல்லை, துள்ளல் மெட்டு. அழவைக்கப் பார்க்காததால்தான் அழுகை வருகிறது.

இங்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நிறைய. பொங்கலுக்கு 90 அடி ரோட்டில் வரிசையாகப் பானை வைக்கும்போது ஸ்பீக்கரில் இந்தப் பாட்டு வந்தால், என் அப்பா புகை கண்ணில் பட்டதாகச் சொல்லி முகத்தைத் துடைப்பார். அவருக்கு அது ஊர்த் திண்ணை.

எனக்கு? நான் பிறந்தது ‘சால்’ என்கிற, ஒற்றை அறை வீடுகள் வரிசையாக இருக்கும் மும்பைக் குடியிருப்பில். பத்துக்குப் பத்து ‘கோலி’ (இங்கே அறையை அப்படித்தான் சொல்வோம்), பரணுக்கு ஏறும் இரும்பு ஏணி, அதன் மூன்றாவது படி மட்டும் ஆடும். அந்தக் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள். பாட்டு வந்தால் எனக்கு அந்தப் படிதான்.