நமக்குள்ள பாதி விலைன்னா, அந்தப் பாதி யாருக்கு?

பார்லர் பக்கம்: வாசகிகள் கேள்வி, 22 வருஷம் கடை நடத்துன அக்கா பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. திருச்சி தில்லைநகர்ல ஒரு பார்லருக்குள்ள ஒரு ரூமை வாடகைக்கு எடுத்து ஒரு வருஷமா தொழில் பண்றேன். மாசம் 4000 வாடகை, அது போக நான் போடற பில்லுல 20 பர்சென்ட் ஓனர் அக்காவுக்கு. ஃபேஷியலும் ஹேர் கெமிக்கல் வேலையும் என் பொறுப்பு. அங்க மொத்தம் அஞ்சு பேர், ஓனர் அக்கா, சம்பளத்துக்கு ரெண்டு பொண்ணுங்க, என்னை மாதிரியே வாடகைக்கு இருந்து மெஹந்தியும் நெயிலும் பண்ற ஒரு பொண்ணு, அப்புறம் நான். சேர்ந்த அன்னைக்கே 'நமக்குள்ள எல்லாத்துக்கும் பாதி விலைதான்'னு சொன்னாங்க, நானும் தலையாட்டிட்டேன். இப்ப என்னன்னா எனக்கு அவங்ககிட்ட ஆக வேண்டியது மாசம் ஒரு ஐப்ரோ, அவங்களுக்கு என்கிட்ட ஆக வேண்டியது கெரட்டின், அதான் மருந்து தடவி அயர்ன் பண்ணி முடியை வழவழன்னு ஆக்கறது! போன மாசம் ஒருத்திக்கு 5000 ரூபா கெரட்டினை 2500க்கு பண்ணிக் குடுத்தேன், மாசக் கடைசில நோட்டைப் பாத்தா அக்கா 20 பர்சென்ட்டை 5000க்கே போட்டு 1000 எழுதி வச்சிருக்காங்க. கேட்டா 'சேர் அதே சேர்தானே, கரண்டு அதே கரண்டுதானே'ங்கறாங்க. கூட வேலை பாக்கறவங்களுக்கு எவ்வளவுதான் வாங்கறது? தயவுசெஞ்சு பேர் போடாதீங்க, எங்க ரிசப்ஷன்லயே இந்த புக்கு வாங்கறாங்க.

பதில்: பேர் போடலம்மா, தில்லைநகர்ல கிராஸுக்கு ரெண்டு பார்லர் இருக்கு, யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. ஆனா இந்தப் பக்கத்தை அந்த அக்கா படிச்சாலும் தப்பில்ல, அவங்களுக்கும் சேத்துத்தான் எழுதறேன், நானும் ஓனரா இருந்தவதான்.

முதல்ல அந்த கெரட்டின் கணக்கை போட்டுப் பாரு. உன் லெட்டரோட பின்பக்கத்துல நீ எழுதியிருந்த ரேட் படியே போடறேன். லிட்டர் 14000 ரூபா பாட்டில்ல 100 மில்லி போயிருக்கு, அப்ப மருந்து மட்டும் 1400. அக்கா பங்கு 1000. வந்தது 2500. மிச்சம் நூறு ரூபா. ஷாம்பு போட்டு அலசி, காய வச்சு, மருந்து தடவி, பார்ட் பார்ட்டா பிரிச்சு அயர்ன் பண்ணி நாலு மணி நேரம் நின்னதுக்கு நூறு ரூபா, அதுல அன்னைக்கு சாயங்காலம் எல்லாருக்கும் டீ நீதான் வாங்கிக் குடுத்தேன்னா அதுவும் போச்சு.

இப்ப அதே பாதி விலைய ஐப்ரோவுக்கு போடு. 50 ரூபா ஐப்ரோ 25. நூலுக்கு ஒரு ரூபா கூட ஆகாது, பவுடர் ஒரு சிட்டிகை. அந்தப் பொண்ணு அஞ்சு நிமிஷம் நின்னா, 10 ரூபா பங்கு போனாலும் 15 ரூபா கையில, மணிக்கணக்குக்கு பாத்தா 180. உனக்கு மணிக்கு 25. ரெண்டு பேரும் 'பாதி விலை'க்குத்தான் பண்ணீங்க, யாரும் யாரையும் ஏமாத்தல, ஆனா ஒரு பக்கம் மட்டும் தேஞ்சுகிட்டே வருது. உன் ஃபேஷியல் இன்னும் மோசம், 1200ல பாதி 600, கிட்டுக்கு 350, பங்கு 240, ஒரு மணி நேரத்துக்கு பத்து ரூபா நிக்குது. பூக்கட்டி வித்தாக்கூட இதைவிட கூட வரும்.

பர்சென்ட்ல தள்ளுபடி பேசறதுல இருக்கற கோளாறு இதுதான். ஐப்ரோ, பெடிக்யூர், புடவை கட்டி விடறது இதெல்லாம் கை வேலை, கைய நாம நமக்குள்ள சும்மா குடுக்கலாம். கெரட்டின், ஸ்மூத்தனிங், கலர், கிட் போட்ட ஃபேஷியல் இதெல்லாம் பாட்டில்லயும் பாக்கெட்லயும் காசு குடுத்து வாங்குனது, அந்தக் காசுல பாதி தள்ளுபடி உனக்கு எந்த டீலரும் தரலையே.

அதனால மெனு கார்டை மூடி வச்சிட்டு அடியிலேர்ந்து ஏத்து. முதல்ல மருந்து, முழு காசு, ஒரு பைசா குறைக்காத. 'உத்தேசமா இவ்வளவு ஆயிருக்கும்'னு சொல்லாம கிச்சன்ல மாவு நிறுக்கற டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கி ரூம்ல வை. கிண்ணத்தை வச்சு ஜீரோ பண்ணி மருந்தை ஊத்து, முடிச்சப்புறம் மிச்சத்தோட திரும்ப நிறு. முடி கழுத்து வரைக்கும் இருக்கறவளுக்கும் இடுப்பு வரைக்கும் இருக்கறவளுக்கும் ஒரே ரேட் சொல்லி நாம எவ்வளவு ஊத்திக்கிட்டிருந்தோம்னு ரெண்டே வாரத்துல தெரிஞ்சிடும், எனக்கு 14 வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சுது. தள்ளுபடி கேக்கற, கூட வேலை பாக்கறவளே அந்தத் தராசைப் பாத்துட்டா அப்புறம் பேரமே இருக்காது.

அடுத்து அந்த ரூமோட மணி வாடகை. 26 நாள், நாளைக்கு 8 மணி நேரம்னா 208 வரும், ஆனா உன் சேர்ல ஆள் உக்காந்திருக்கறது அதுல பாதி இருக்குமா? 100 மணி நேரம்னே வை, 4000ஐ வகுத்தா மணிக்கு 40. கடைசியா உன் கைக்கூலி, கஸ்டமர்கிட்ட வாங்கறதை மாதிரி இல்லாம நமக்குள்ளன்னு ஒரு ரேட், மணிக்கு 100னு வச்சிக்க. இந்த 100தான் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும், நீ மெஹந்தி போட்டுக்கிட்டாலும் அந்தப் பொண்ணுக்கு மணிக்கு 100. 'நான் கெமிக்கல் கோர்ஸ் படிச்சவ, என் மணி ஒசத்தி'ன்னு ஆரம்பிச்சா அன்னைக்கே சண்டைதான்.

இப்ப கெரட்டின்: மருந்து 1400, நாலு மணி நேரம் 140 வீதம் 560, ஆக 1960. அக்கா பங்கை இந்த 560 மேல மட்டும் போடு, 112 வருது. ரவுண்டா 2100 வாங்கு. பாத்தியா, அவ 2500 குடுத்த இடத்துல இப்ப 2100தான் குடுக்கறா, உனக்கு நூறு வந்த இடத்துல 588 வருது. குடுக்கறவளுக்கும் குறைஞ்சுது வாங்கறவளுக்கும் கூடுச்சு, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா, அக்காவோட அந்த ஆயிரத்துலேர்ந்துதான். ஃபேஷியலும் அதே மாதிரி, 350ம் 140ம், பங்கு 28, ஆக 520.

சரி, அக்கா ஏன் விடணும்? 'கரண்டு அதே கரண்டு'ன்னாங்கள்ல, அது நியாயமான பேச்சு. கடை லைனுக்கு வீட்டுக்கு மாதிரி இலவச யூனிட்டெல்லாம் கிடையாது, ரேட்டும் கூட. ஆனா கணக்கைப் பாரு, 2000 வாட் டிரையர் அரை மணி நேரம் ஓடுனா ஒரு யூனிட், ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒரு யூனிட்டோ கொஞ்சம் கூடவோ இழுக்கும், அயர்ன், கீசர் எல்லாம் சேத்து நாலு மணி நேரத்துக்கு ஏழெட்டு யூனிட் தாண்டாது. யூனிட்டுக்கு 12 ரூபா வச்சாலும் நூறுக்குள்ள. அந்த நூறை தாராளமா எடுத்துக்கட்டும், 112 அதுக்கு சரியாத்தான் இருக்கு.

ஆனா ஒண்ணு சொல்றேன், அவங்க 5000க்கு போட்டதுக்கு காரணம் கரண்டா இருக்காது, பயமா இருக்கும். என் கடையில ஒருத்தி ஒரு சேர் வாடகைக்கு எடுத்திருந்தா, அப்ப 'நம்ம ஆளுங்களுக்கு பங்கு வேண்டாம்'னு பெரிய மனசு பண்ணி நானே சொன்னேன். முதல் மாசம் நம்ம ஆள் ரெண்டு பேர். மூணாவது மாசம் சித்தி பொண்ணு, எதிர்வீட்டு அக்கா, டியூஷன் டீச்சர்னு பதினோரு பேர் நம்ம ஆளா ஆயிட்டாங்க. டியூஷன் டீச்சர் என்கிட்டயே வந்து 'இங்க ரேட் கம்மியா இருக்கு, நல்லா இருங்க'ன்னு வாழ்த்திட்டுப் போனாங்க, எனக்கு அழறதா சிரிக்கறதான்னு தெரியல. அதுக்கப்புறம் நானும் உன் அக்கா மாதிரிதான் முழு ரேட்டுக்கு பங்கு புடிச்சேன். அதனால நீ பேசப் போறப்ப ரேட்டை முன்னாடி வைக்காத, ஆள் கணக்கை முன்னாடி வை. 'இந்தக் கூரைக்கு கீழ வேலை பாக்கற அஞ்சு பேருக்கு மட்டும், வீட்டு ஆளுங்க வந்தா மெனு ரேட், பெரிய கெமிக்கல் வேலை ஆளுக்கு ஆறு மாசத்துக்கு ஒண்ணு, எல்லாம் ரிசப்ஷன் நோட்டுல தனிப் பக்கத்துல எழுதுவேன்'னு நீயே சொல்லு. அதைக் கேட்டப்புறம் 112க்கு ஒத்துக்கறது அவங்களுக்கு சுலபம்.

நேரத்தையும் சேத்து எழுதிடு. ஞாயித்துக்கிழமை, முகூர்த்தத்துக்கு முதல் நாள், தீபாவளிக்கு முந்தின பத்து நாள் நமக்குள்ள எதுவும் கிடையாது, அப்ப உக்காந்தா மெனு ரேட். ஆடியிலயும் மார்கழியிலயும் கடை காத்து வாங்கும்ல, அப்ப எல்லாரும் பண்ணிக்கங்க, அந்த ரெண்டு மாசம் மணி வாடகை 40ஐ கூட நீ விட்டுக் குடுக்கலாம், சும்மா இருக்கற சேர்தானே. அப்புறம் கஸ்டமர் உக்காந்திருக்கறப்ப 'அக்கா எனக்கு 2100தானே'ன்னு சத்தமா யாராவது கேட்டா முடிஞ்சுது கதை, அந்த கஸ்டமர் அடுத்த தடவை அதே ரேட்டைத்தான் கேப்பாங்க. ஸ்டேட்டஸ்ல போட்டோ போடட்டும், விலை போட வேண்டாம்.

இன்னொண்ணு, நீ கேக்கல, ஆனாலும். உன் அக்காவே அந்த கட்டடத்துல வாடகைக்கு இருந்தா, உனக்கு ரூம் குடுத்ததுக்கு கட்டட ஓனர் எழுத்துல சம்மதம் தந்திருக்காரான்னு பாத்துக்க. தமிழ்நாட்டுல 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரிலேர்ந்து நடைமுறையில இருக்கு, வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், பதிவும் பண்ணணும், உள்வாடகைக்கு ஓனர் சம்மதம் வேணும். நாளைக்கு பிரச்சனைன்னா முதல்ல வெளிய நிக்கறது உன் பெட்டிதான்.

கேள்வி: எங்க ஊர் நாகர்கோவில். என் பார்லர்ல மூணு பொண்ணுங்க சம்பளத்துக்கு இருக்காங்க. ஹேர் கலர், ஃபேஷியல்னு அவங்களே ஒருத்தருக்கொருத்தர் பண்ணிக்கறாங்க. காசு வாங்கலாமா, வாங்குனா கோச்சுக்குவாங்களா?

பதில்: சம்பளத்துக்கு இருக்கறவங்க வேற, வாடகைக்கு இருக்கறவங்க வேற, ரெண்டையும் குழப்பிக்காதீங்க. உங்க பொண்ணுங்க புருவமும் முடியும்தான் உங்க கடை போர்டு, ரிசப்ஷன்ல நிக்கறவளுக்கு மூணு இன்ச் வெள்ளை வேர் தெரிஞ்சா உங்ககிட்ட யாரு ரூட் டச்-அப் பண்ணிக்குவா? அதனால ஐப்ரோ, ரூட் டச்-அப் மாதிரி வேலைக்கு ஒண்ணும் வாங்காதீங்க, ட்யூப் காசு கடை செலவுன்னு எழுதுங்க. பெரிய கெமிக்கல் வேலைக்கு மட்டும் மருந்து காசு, அதுவும் முன்னாடியே சொல்லி கையில வாங்குங்க, சம்பளத்துல கேக்காம புடிச்சிடாதீங்க. புதுசா கத்துக்கற பொண்ணு பழக ஒரு தலை வேணும்னு நீங்களா ஒருத்திய உக்கார வச்சா அதுக்கு ஒரு ரூபா கூட வாங்கக்கூடாது, அவ உங்களுக்கு மாடலா உக்காந்திருக்கா, அன்னைக்கு மதிய சாப்பாடு உங்க செலவு.

காசைவிட எனக்கு பயம் வேற. 'நம்ம புள்ளதானே'ன்னு பேட்ச் டெஸ்ட்டை விட்டுடுவாங்க. ஹேர் டை போடறதுக்கு 48 மணி நேரம் முன்னாடி காதுக்கு பின்னாடி ஒரு பொட்டு வச்சுப் பாக்கறது கஸ்டமருக்கு மட்டும்தான்னு யார் சொன்னது? என் கடையில ஒரு பொண்ணு, இருபது தலைக்கு டை போட்ட கை, தனக்குன்னு போட்டப்ப மறுநாள் காலையில நெத்தியும் கண்ணும் வீங்கி துப்பட்டாவால மூடிக்கிட்டு வந்து நின்னா. டைல இருக்கற பிபிடிங்கற கெமிக்கல் சிலருக்கு ஒத்துக்காது, போன தடவை ஒத்துக்கிச்சேன்னு இந்த தடவை நம்ப முடியாது.

கேள்வி: பார்லருக்கு ஜிஎஸ்டி 18லேர்ந்து 5 ஆயிடுச்சேன்னு கூட இருக்கறவங்க எங்ககிட்ட இன்னும் விலை குறைக்க சொல்றாங்க. நாங்க ரெண்டு பேர் சேர் வாடகைக்கு எடுத்து நடத்தறோம், ஜிஎஸ்டி நம்பரே எடுக்கல. குறைக்கணுமா? – சேலத்துலேர்ந்து ஒரு வாசகி

பதில்: 2025 செப்டம்பர் 22லேர்ந்து பார்லர் வேலைக்கு 5 பர்சென்ட்ங்கறது உண்மைதான். ஆனா வருஷத்துக்கு 20 லட்சத்துக்கு கீழ வரவு இருக்கறதால நம்பர் எடுக்காதவங்க நேத்தும் வரி வாங்கல இன்னைக்கும் வாங்கல, அப்ப எதைக் குறைக்கறது? நம்பர் இல்லாம பில்லுல 5 பர்சென்ட்னு தனியா போட்டும் வாங்கிடாதீங்க, அது தப்பு. நம்பர் இருக்கற கடைக்கும் ஒரு விஷயம் இருக்கு, இந்த 5 பர்சென்ட்ல வாங்குன பொருளுக்கு கட்டுன வரியை கழிச்சுக்க முடியாது, அது செலவோட செலவு. அதனால ரெண்டு பேருமே மருந்து காசு கணக்கு போடறப்ப டீலர் பில்லுல மேல இருக்கற விலையைப் பாக்காம அடியில வரியோட சேந்து வர்ற மொத்தத்தைப் பாத்து போடுங்க. பில்லை எடுத்து வச்சிருக்கீங்கதானே? இல்லேன்னா டீலருக்கு போன் பண்ணி பழைய பில்லை வாட்ஸ்அப்புல அனுப்பச் சொல்லுங்க.