மருத்துவச் செலவு ஏறுவதற்கு முதியோர்தான் காரணமா?

கேள்வி: எனக்கு வயது 48. முதியோர் பெருகுவதால்தான் நாடுகளின் மருத்துவச் செலவு ஏறுகிறது என்று அடிக்கடி படிக்கிறேன். ஓய்வுக்கால மருத்துவத் தேவைக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதைப் பொதுப் பணவீக்கத்தை வைத்துக் கணக்கிடலாமா?

பதில்: வேண்டாம், மருத்துவச் செலவு பொதுப் பணவீக்கத்தைவிட வேகமாக ஏறுவதால் அந்தக் கணக்கு உங்களைக் கைவிட்டுவிடும். ஆண்டுக்கு 3 சதவீதம் ஏறும் செலவு இரட்டிப்பாகச் சுமார் 24 வருடம் ஆகும். 6 சதவீதம் என்றால் அதே 24 வருடத்தில் நான்கு மடங்காகிவிடும்.

முதலில் முதியோர் விஷயம். அமெரிக்காவில் 1960-இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதமாக இருந்த மருத்துவச் செலவு 2023-இல் 17.6 சதவீதம். ஜப்பானில் பத்துப் பேரில் ஏறக்குறைய மூன்று பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். அமெரிக்காவில் இரண்டு பேர்கூட இல்லை. ஆனாலும் ஜப்பானின் செலவு 11 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கிறது. வயதுதான் முக்கியக் காரணம் என்றால் இது தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்?

அப்படியானால் எது ஏற்றுகிறது? என் பார்வையில் பெரிய பங்கு புதிய சிகிச்சைகளுக்கு. கண்புரையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலத்தில் அறுவை முடிந்ததும் தலை அசையாதபடி இருபுறமும் மணல் மூட்டை வைத்து நாள்கணக்கில் படுக்க வைப்பார்கள். இன்று அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சிகிச்சை எளிதானதும், முன்பு பயந்து தள்ளிப்போட்டவர்களும் மிக வயதானவர்களும் செய்துகொள்ள வருகிறார்கள். ஒரு அறுவைக்கான செலவு குறைந்தாலும் எண்ணிக்கை பெருகுவதால் மொத்தம் ஏறுகிறது. இதை வீண்செலவு என்று சொல்ல எனக்கு மனம் வராது. அத்தனை பேருக்குப் பார்வை திரும்பியிருக்கிறது.

அடுத்தது விலை. 2003-இல் ஊவே ரைன்ஹார்ட் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் வளர்ந்த நாடுகளை ஒப்பிட்டபோது, அமெரிக்கர்கள் மற்றவர்களைவிட அதிகமாக மருத்துவரிடம் போகவும் இல்லை, அதிக நாள் மருத்துவமனையில் தங்கவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் கொடுத்த விலைதான் அதிகம் என்று கண்டார்கள். இதோடு பொருளாதார அறிஞர் வில்லியம் பாமோல் 1960-களில் விளக்கிய ஒன்றும் சேர்கிறது. தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒருவர் பத்துப் பேர் வேலையைச் செய்யலாம். ஒரு நோயாளியைக் குளிப்பாட்டிப் படுக்க வைக்கச் செவிலியருக்கு இன்றும் அதே நேரம்தான் ஆகிறது. ஆனால் அவர் சம்பளமும் மற்றவர்களுடையதைப் போல உயர்ந்தாக வேண்டும், உயரவும் வேண்டும். வருமானமும் காப்பீடும் பெருகினால் சிகிச்சைக்கு வருவோர் கூடுவதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

சரி, உங்கள் கணக்குக்கு வருவோம். நாட்டின் சராசரி வயது மெதுவாகத்தான் கூடுகிறது. உங்களுக்கோ வருடத்துக்கு ஒரு வயது முழுதாகக் கூடுகிறது. அதனால் நாட்டின் கணக்கில் சிறிதாகத் தெரியும் முதுமை உங்கள் கணக்கில் பெரிது. இரண்டு ஏற்றங்களையும் பிரித்துப் பாருங்கள்.

உங்கள் காப்பீட்டுத் திட்டத்தில் இன்று 68 வயதுக்காரர் கட்டும் பிரீமியம் எவ்வளவு என்று கேளுங்கள். வயதால் வரும் ஏற்றம் இன்றைய பணத்தில் தெரிந்துவிடும். காப்பீடு தராத செலவுகளுக்கு ஒரு தொகையை அதோடு சேர்த்து, 20 வருட விலையேற்றத்தைப் போடுங்கள். வளர்ந்த நாடுகளில் நீண்ட காலமாக ஒருவருக்கான மருத்துவச் செலவு வருமானத்தைவிட ஆண்டுக்குச் சுமார் 1 முதல் 2 சதவீதப் புள்ளி வேகமாக ஏறி வந்திருக்கிறது. எனவே உங்கள் நாட்டின் சராசரிச் சம்பள உயர்வோடு 2 புள்ளி கூட்டிக்கொள்ளுங்கள். கணக்கிடும்போது தலைக்கு எவ்வளவு என்பதையே பாருங்கள். "இதுவரை இல்லாத செலவு" என்று செய்திகளில் வரும் மொத்தத் தொகையில் மக்கள்தொகைப் பெருக்கமும் கலந்திருக்கும்.

அப்புறம், காப்பீட்டுத் தொகையையும் கவனியுங்கள். இன்று போதுமானதாகத் தெரியும் தொகை ஆண்டுக்கு 6 சதவீத ஏற்றத்தில் 12 வருடத்தில் பாதி மதிப்புக்கு வந்துவிடும். அதைக் கூட்டும்போது புதிதாக மருத்துவப் பரிசோதனை கேட்கலாம் என்பதால், உடம்பு நன்றாக இருக்கும் இப்போதே கூட்டிவிடுங்கள்.