படம் ஓடுகிறது, சத்தம் எங்கே? ஹோம் தியேட்டர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, யூடியூப் பாட்டெல்லாம் ஹோம் தியேட்டரில் நன்றாகக் கேட்கிறது. நெட்ஃபிளிக்ஸில் படம் போட்டால் மூச்சே இல்லை. டிவியிலிருந்து ஆப்டிகல் கேபிளில் இணைத்திருக்கிறேன். கேபிள் போய்விட்டதா?

பதில்: யூடியூப் கேட்கிறதல்லவா? அப்படியென்றால் கேபிள் மேல் பழி போடாதீர்கள். யூடியூபில் பெரும்பாலும் வருவது இரண்டு சேனல் ஒலி. டிவி அதைப் பிரித்து பிசிஎம் (சுருக்கப்படாத டிஜிட்டல் ஒலி) வடிவில் வெளியே அனுப்பும். எந்தப் பழைய பெட்டிக்கும் அது புரியும். நெட்ஃபிளிக்ஸ் 5.1 ஒலியை, அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் தனித்தனியே பிரித்த ஒலியை, டால்பி டிஜிட்டல் பிளஸ் என்ற சுருக்கிய வடிவில் தருகிறது. ஆப்டிகல் கேபிளில் பழைய டால்பி டிஜிட்டல் போகும், பிளஸ் போகாது.

டிவியின் ஒலி அமைப்பில் 'டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்' என்ற இடத்தில் பாஸ்த்ரூ என்றோ பிட்ஸ்ட்ரீம் என்றோ (ஒலியைப் பிரிக்காமல் கடத்துவது) இருக்கும். அதை முதலில் பிசிஎம்முக்கு மாற்றுங்கள். சத்தம் வந்துவிட்டால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டது. பிறகு 'டால்பி டிஜிட்டல்' என்ற தேர்வு இருந்தால் அதை வைத்துப் பாருங்கள். பல டிவிக்கள் பிளஸைப் பழைய டால்பியாக மாற்றி அனுப்பும், 5.1 திரும்பக் கிடைக்கும். அந்தத் தேர்வு இல்லையென்றால் பிசிஎம்மோடு குடித்தனம் நடத்த வேண்டியதுதான். ஆப்டிகலில் பிசிஎம் என்றால் இரண்டே சேனல்.

கேள்வி: பின்னணி இசை, மழைச் சத்தம், கார் சத்தம் எல்லாம் கேட்கிறது. பேசுவது மட்டும் கேட்கவில்லை. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய அசெம்பிள்டு ஆம்ப்ளிஃபயர். எல்லோரும் படத்தின் மேல்தான் குறை சொல்கிறார்கள்.

பதில்: படத்தின் மேல் குறையில்லை. எதன் வழியாக இணைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, அதனால் இரண்டு வழிக்கும் சொல்கிறேன்.

ஆப்டிகல் அல்லது எச்டிஎம்ஐ வழியே 5.1 வருகிறது என்றால், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்குத்தான் போகும். அந்த ஸ்பீக்கரின் ஒயர் கழன்றிருந்தாலோ, நீங்கள் நடு ஸ்பீக்கரே வைக்காமல் இருந்தாலோ, கதாநாயகன் வாயசைப்பான், அவ்வளவுதான். ரிசீவரின் (ஒலியை வாங்கி ஸ்பீக்கர்களுக்குப் பங்கிடும் ஆம்ப்ளிஃபயர் பெட்டி) ஸ்பீக்கர் அமைப்பில் 'சென்டர்' என்பதை 'இல்லை' என்று வையுங்கள். வசனத்தை இடத்துக்கும் வலத்துக்கும் பங்கிட்டுவிடும். அசெம்பிள்டு பெட்டியில் அந்த அமைப்பே இல்லாவிட்டால் டிவியைப் பிசிஎம்முக்கு மாற்றுங்கள்.

ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆக்ஸ் ஒயர் போட்டிருக்கிறீர்கள் என்றால் பின்னைப் பாருங்கள். அதில் இரண்டு கருப்பு வளையங்கள் மூன்று பாகங்களைப் பிரிக்கும்: நுனி இடது, நடு வலது, அடி எர்த். பின் முழுதாக உள்ளே போகாமலோ, எர்த் இழை உள்ளே அறுந்தோ இருந்தால் இடத்துக்கும் வலத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் ஸ்பீக்கருக்குப் போகும். வசனமும் பாடகர் குரலும் இரண்டிலும் சமமாகப் பதிவாகியிருப்பதால் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு மறைந்துவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னை மெதுவாக அழுத்தித் திருப்புங்கள். குரல் வந்து வந்து போனால் ஒயரை மாற்றுங்கள். சில பத்து ரூபாய் வேலை.

கேள்வி: ஏஆர்சி (டிவியின் ஒலியை எச்டிஎம்ஐ கேபிளிலேயே ரிசீவருக்குத் திருப்பி அனுப்பும் வசதி) வழியாக நன்றாகத்தான் ஓடியது. மின்வெட்டுக்குப் பிறகு சத்தம் டிவி ஸ்பீக்கரில் மட்டும்தான் வருகிறது.

பதில்: டிவியும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் காண்பதில் நடந்த குளறுபடி. ரிமோட்டில் அணைத்தால் போதாது. இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கி, சில நிமிடம் விட்டு, முதலில் டிவியையும் பிறகு ரிசீவரையும் போடுங்கள். அப்போதும் வரவில்லை என்றால் சிஇசி (எச்டிஎம்ஐ வழியே கருவிகள் ஒன்றையொன்று இயக்கும் வசதி) அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். சாம்சங்கில் அதன் பெயர் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்ளிங்க், சோனியில் பிராவியா சிங்க். செட்டாப் பாக்ஸ் தானாக எழுந்துகொள்கிறது என்ற எரிச்சலில் சிலர் இதை அணைத்துவிடுவார்கள். பெரும்பாலான டிவிக்களில் அதோடு ஏஆர்சியும் போய்விடும்.

கேள்வி: ஓடிடி ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கைப் புரொஜெக்டரில் செருகி, அதன் இன்னொரு எச்டிஎம்ஐ துளையிலிருந்து ரிசீவருக்குக் கேபிள் போட்டேன். படம் வருகிறது, ஒலி இல்லை.

பதில்: அந்த இன்னொரு துளையும் உள்ளே வாங்குவதற்குத்தான். ஏஆர்சி என்று எழுதியிருந்தால் மட்டுமே அதன் வழியே ஒலி திரும்பி வரும். பல புரொஜெக்டர்களில் அது கிடையாது. ஸ்டிக்கை ரிசீவரின் எச்டிஎம்ஐ இன் துளையில் செருகுங்கள். ரிசீவரின் எச்டிஎம்ஐ அவுட்டிலிருந்து புரொஜெக்டருக்கு ஒரு கேபிள். வேறொன்றும் வேண்டாம்.

கேள்வி: பென்டிரைவில் உள்ள படத்துக்கு 'ஒலி வடிவம் ஆதரிக்கப்படவில்லை' என்று வருகிறது. அதே படம் பழைய டிவியில் ஓடியது.

பதில்: ஒலி டிடிஎஸ்ஸாக இருக்கும், டால்பிக்குப் போட்டியான இன்னொரு ஒலி வடிவம். சாம்சங் 2018 மாடல்களிலிருந்து டிடிஎஸ்ஸைக் கைவிட்டது. எல்ஜி 2020இல் விட்டு, 2023இல் சில மாடல்களில் திருப்பிக் கொண்டுவந்தது. கணினியில் ஒலியை மட்டும் டால்பி டிஜிட்டலாக மாற்றிக்கொள்ளுங்கள். படத்தைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: புது ஆப்டிகல் கேபிள். ஒரு முனகல்கூட இல்லை.

பதில்: இரு முனையிலும் சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும், கண்ணாடி போல் தெரிவதால் பலர் கழற்றுவதில்லை. கழற்றியாகிவிட்டது என்றால், டிவியில் ஒரு முனையைச் செருகி மறுமுனையைப் பாருங்கள். சிவப்பு வெளிச்சம் தெரிந்தால் டிவியும் கேபிளும் சரி. ரிசீவரில் இன்புட்டை மாற்றுங்கள்.

கேள்வி: மடிக்கணினியிலிருந்து எச்டிஎம்ஐ போட்டால் ஒலி கணினியிலேயே வருகிறது.

பதில்: விண்டோஸில் கீழே ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, ஒலி வெளியேறும் சாதனமாக ரிசீவரின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: சார், கடைக்காரர் அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்யும் டால்பி தொழில்நுட்பம்) கேட்க இஏஆர்சி டிவியும் விலையுயர்ந்த கேபிளும் கட்டாயம் என்கிறார். என் டிவியில் ஏஆர்சிதான் இருக்கிறது. ரிசீவர் அட்மாஸ் உள்ளது.

பதில்: ஓடிடிக்காக மட்டும் என்றால் அவசரப்படாதீர்கள். நெட்ஃபிளிக்ஸ் அட்மாஸை டால்பி டிஜிட்டல் பிளஸுக்குள் வைத்துத்தான் அனுப்புகிறது, உச்சமே விநாடிக்கு 768 கிலோபிட். சாதாரண ஏஆர்சி இதைத் தாங்கும். உங்கள் டிவி அட்மாஸை அப்படியே கடத்திவிடுகிறதா என்பதை மட்டும் அதன் கையேட்டில் பாருங்கள். எச்டிஎம்ஐ 2.1உடன் வந்த இஏஆர்சி, அதாவது மேம்பட்ட ஏஆர்சி, புளூரே வட்டின் ட்ரூஎச்டி போன்ற கனமான ஒலிக்குத்தான் தேவை. வட்டு வாங்கும் பழக்கம் உண்டா? இல்லையென்றால் இருக்கும் கேபிளே போதும்.