குளிர்காய்வது யார்?

கேள்வி: அயல் மண்ணில் பயங்கரவாதத்தை எதிர்த்துப் போரிடும் சுமையை நேச நாடுகள் எப்படிப் பகிர்ந்துகொள்வது நியாயம்? அமெரிக்கா மூட்டிய தீயில் மற்ற நாடுகள் குளிர்காய்கின்றன என்ற குற்றச்சாட்டை ஏற்கிறீர்களா?

பதில்: தீவிரவாதம் என்று எழுதாமல் பயங்கரவாதம் என்று எழுதியதற்கு முதலில் நன்றி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பும் நாளிதழ்களோடு எனக்கு இருக்கும் பழைய தகராறை இன்று கிளப்பப் போவதில்லை. ஆனால் 'குளிர்காய்கின்றன' என்றொரு சொல்லைப் போட்டீர்களே, அதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை. குளிர்காய்வதற்கு மூன்று தரப்பு வேண்டும். தீ மூட்டியவர் ஒருவர், பக்கத்தில் கை நீட்டி உட்கார்ந்திருப்பவர் இன்னொருவர், எரிகிற விறகு யார் வீட்டுக் கூரையிலிருந்து உருவப்பட்டதோ அவர் மூன்றாமவர். சுமைப் பகிர்வு என்ற பெயரில் வாஷிங்டனும் ஐரோப்பியத் தலைநகரங்களும் இத்தனை ஆண்டுகளாக நடத்திவரும் வழக்கு முதல் இருவருக்கு இடையிலானது. கூரைக்காரரை எவரும் சாட்சிக்குக்கூட அழைத்ததில்லை.

அந்த இருவர் வழக்கிலேயே வாதியான அமெரிக்கா சொல்வது முழு உண்மையன்று. ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதுமான தாக்குதல் என்று சொல்லும், அமெரிக்க-ஐரோப்பிய ராணுவக் கூட்டணியான நேட்டோவின் உடன்படிக்கையில் ஐந்தாவது பிரிவு 1949-இல் எழுதப்பட்டது. அது முதன்முதலாகக் கையில் எடுக்கப்பட்டது 2001 செப்டம்பர் 12 அன்று, அமெரிக்காவுக்காக. ஐரோப்பாவைக் காக்க அமெரிக்கா ஓடிவரும் என்று எண்ணி எழுதிய பிரிவு, அமெரிக்காவுக்குத் துணையாக ஐரோப்பாவை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பப் பயன்பட்டது. உங்கள் 'எப்படிப் பகிர்வது' என்ற கேள்விக்கு அந்தப் பிரிவில் விடை தேடிப் பயனில்லை. ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவையென்று தோன்றும் நடவடிக்கையை எடுக்கும் என்பதோடு அது நிறுத்திக்கொள்கிறது. எழுதியவர்கள் விவரமானவர்கள், சுமையின் எடையை எழுதினால் ஒருவரும் கையெழுத்துப் போடமாட்டார் என்று அவர்களுக்குத் தெரியும்.

விளைவு ஆப்கானிஸ்தானில் தெரிந்தது. எங்களைக் கேட்காமல் உத்தரவு போடாதீர்கள் என்று நீதிமன்றத்தில் கேவியட் மனு போடுவதை நாம் அறிவோம். போர்க்களத்திலும் கேவியட் உண்டு என்பதை நேட்டோ உலகுக்குக் காட்டியது. அந்தப் படையின் சொந்தப் பேச்சுவழக்கிலேயே அதற்குப் பெயர் கேவியட்தான். எங்கள் வீரர்கள் இன்ன மாகாணத்தைத் தாண்டமாட்டார்கள், இன்ன வேலையில் இறங்கமாட்டார்கள் என்று ஒவ்வோர் அரசும் தன் படையோடு ஒரு நிபந்தனைப் பட்டியலையும் சேர்த்து அனுப்பியது. ஜெர்மனி வடக்கிலும் இத்தாலி மேற்கிலும் இருக்க, தாலிபானின் பிடி வலுவாக இருந்த தெற்கில் கந்தஹார் கனடாவுக்கும், ஹெல்மண்ட் பிரிட்டனுக்கும் டென்மார்க்குக்கும், உருஸ்கான் நெதர்லாந்துக்கும் வந்து சேர்ந்தன. 2006 நவம்பரில் ரீகாவில் கூடிய நேட்டோ தலைவர்கள் இந்த நிபந்தனைகளைத் தளர்த்துவது பற்றித்தான் வாதாடினார்கள். அவசரத்தில் ஒருவருக்கொருவர் உதவ வருவோம் என்ற அளவில் உடன்பாடு கண்டார்கள். நேச நாடுகள் என்ற பெயரை வைத்துக்கொண்டு இதற்கு ஒரு மாநாடு தேவைப்பட்டது!

இதைச் சொன்னவுடன் யாராவது சதவீதத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சதவீதத்தோடு எனக்குள்ள பகை இந்தப் பக்கத்தின் வாசகர்களுக்குப் புதிதல்ல. மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2 சதவீதத்தைப் பாதுகாப்புக்கு ஒதுக்க வேண்டும் என்று 2014-இல் வேல்ஸ் மாநாடு சொன்னது. அது போதாதென்று, 2035-க்குள் 5 சதவீதம் என்று 2025-இல் ஹேக் மாநாடு சொன்னது. நேட்டோவின் கணக்கில் ராணுவ ஓய்வூதியமும் பாதுகாப்புச் செலவுதான். ஆகவே ஒரு நாடு தன் முன்னாள் தளபதிகளின் ஓய்வூதியத்தை உயர்த்திவிட்டு, கூட்டணிக்காகக் கூடுதல் சுமை தாங்குகிறோம் என்று நெஞ்சை நிமிர்த்த முடியும். இந்தச் சதவீதத்தில் வராதது உயிர்க்கணக்கு. எஸ்தோனியாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 13 லட்சம்; ஆப்கானிஸ்தானில் அது 9 வீரர்களை இழந்தது. டென்மார்க் இழந்தவர்கள் 40-க்கும் மேற்பட்டோர். மக்கள்தொகையோடு வைத்துப் பார்த்தால் டென்மார்க்கின் இழப்பு, 2,400-க்கும் மேற்பட்டோரை இழந்த அமெரிக்காவின் இழப்புக்கு ஏறக்குறைய சமம். நெதர்லாந்தில் உருஸ்கானில் படை நீடிப்பதா என்ற சச்சரவிலேயே 2010-இல் அரசு கவிழ்ந்தது. கவிழ்ந்த அரசை எந்தச் சதவீதத்தில் எழுதுவது என்று தெரிந்தவர்கள் கடிதம் எழுதலாம்.

பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வதும் பகிர்வுதானே என்று கேட்பவர்களுக்கு ஜப்பானின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அது பயங்கரவாதத்துக்கு எதிரான போரன்று, 1991 வளைகுடாப் போர்; ஆனால் கூட்டணிக் கணக்கு எழுதும் எவரும் அதை மறப்பதில்லை. படை அனுப்ப அரசியல் சாசனம் இடம் தராது என்ற ஜப்பான், தன் மக்கள் மீது தற்காலிக வரி போட்டு, சுமார் 1,300 கோடி டாலரைக் கொடுத்தது. போர் முடிந்தது. விடுதலை பெற்ற குவைத், தனக்கு உதவிய நாடுகளுக்கு நன்றி தெரிவித்து அமெரிக்க நாளிதழ்களில் விளம்பரம் வெளியிட்டது. அதில் ஜப்பானின் பெயரைக் காணோம். மொய் எழுதியவரின் பெயரை நோட்டில் விட்டுவிட்டால் உறவு என்ன ஆகும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. ஜப்பான் கோபித்துக்கொண்டு விலகிப் போகவில்லை. அந்த ஏப்ரலிலேயே கண்ணிவெடி அகற்றும் கப்பல்களை வளைகுடாவுக்கு அனுப்பியது. மறு ஆண்டு, அமைதிப் பணிக்குப் படையினரை அனுப்ப வழிசெய்யும் சட்டத்தை இயற்றியது. 2001-க்குப் பிறகு, நடுவில் ஒரு சிறு இடைவெளி நீங்கலாக, 2010 வரை இந்தியப் பெருங்கடலில் நின்று கூட்டணிக் கப்பல்களுக்கு எரிபொருள் நிரப்பியது. ஒரு விளம்பரத்தில் விடுபட்ட பெயர் ஒரு நாட்டின் பாதுகாப்புக் கொள்கையையே அசைத்தது. அந்த விளம்பரத்தில் மெய்ப்புத் திருத்தியவர் யாரோ, அவர் தன்னை அறியாமலே வரலாற்றைத் திருத்தியவர்.

இனி கூரைக்காரர். 2014-இல் தாம் பதவியேற்ற நாள் முதல் 45,000-க்கும் மேற்பட்ட ஆப்கன் பாதுகாப்புப் படையினர் இறந்துவிட்டதாக 2019 ஜனவரியில் அன்றைய அதிபர் அஷ்ரஃப் கனி சொன்னார். அதே காலத்தில் பன்னாட்டுப் படைகளின் இழப்பு நூறைத் தொடவில்லை. அந்த 45,000 நேச நாடுகள் தங்களுக்குள் நடத்தும் பங்குக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் வருவதில்லை, ஏனென்றால் ஆப்கானிஸ்தான் 'நேச நாடு' அல்ல, 'களம்'. 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அமெரிக்காவும் தாலிபானும் ஒப்பந்தம் செய்தபோது ஆப்கன் அரசு அதில் கையெழுத்திடவில்லை. நேட்டோ நாடுகளும் கையெழுத்திடவில்லை. மறு ஆண்டின் தொடக்கத்தில் அங்கே எஞ்சியிருந்த சுமார் 9,600 வெளிநாட்டு வீரர்களில் அமெரிக்கர் 2,500 பேர் மட்டுமே. அதாவது கடைசியில் பெரும்பான்மையாக எஞ்சியவர்கள் எப்போது வீடு திரும்புவது என்பதைச் சிறுபான்மையாக எஞ்சியவர்களின் அரசு தனியாகப் பேசி முடித்திருந்தது.

ஆகவே உங்கள் கேள்விக்கு என் விடை இது: சுமையில் பங்கு கேட்பவர் முடிவில் பங்கு தர வேண்டும், போரைத் தொடங்குவதிலும், அதைவிட முக்கியமாக, நிறுத்துவதிலும். அதைத் தர மறுப்பவருக்குக் குளிர்காய்வதாக மற்றவர்களைப் பழிக்கும் உரிமை இல்லை. முடிவில் பங்கு பெற்றவரும் தன் கேவியட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும்.

போருக்குப் பிந்திய சுமை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி நீங்களும் கேட்கவில்லை, மாநாடுகளும் பேசுவதை விரும்புவதில்லை. 2014-இல் ஐ.எஸ். அமைப்புக்கு எதிராகக் கூட்டணி அமைந்தபோது வானிலிருந்து குண்டு போட விமானங்கள் பல நாடுகளிலிருந்து வந்தன. சிரியாவில் தரையில் நின்று போரிட்ட, குர்துகள் தலைமையிலான படை இழந்தது ஏறத்தாழ 11,000 பேரை. 2019 மார்ச்சில் சிரியாவில் ஐ.எஸ்.ஸின் கடைசிப் பிடியான பாகூஸ் வீழ்ந்த பிறகு, அந்நாட்டின் அல்-ஹோல் முகாமில் ஐ.எஸ்.காரர்களின் குடும்பத்தினர் உட்பட 70,000-க்கும் மேற்பட்டோர் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் ஐரோப்பியக் குடியுரிமை பெற்ற பெண்களும் குழந்தைகளும் உண்டு. காவல் நிற்கும் வேலையும் அதே குர்துப் படையின் தலையில்தான் விழுந்தது. சில அரசுகள் தங்கள் குடிமக்களின் குடியுரிமையையே பறித்துக் கைகழுவின. குண்டுவீச்சு விமானங்களைத் தயங்காமல் அனுப்பியவர்களில் பலருக்கு, அந்தக் கூடாரங்களிலிருந்த தங்கள் நாட்டுக் குழந்தைகளை அழைத்துவர ஒரு பயணிகள் விமானத்தை அனுப்ப ஆண்டுக்கணக்கில் மனம் வரவில்லை.